பண்டிகைப் புட்டியும் மதுவிலக்குச் சட்டமும்

கார்த்திகை கழிந்து கிறிஸ்துமஸ் நெருங்குகிற நாட்களில், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி வட்டாரத்திலே பல வீடுகளின் சமையலறை மூலையில், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டிய பீங்கான் ஜாடி ஒன்று இருப்பதைக் காணலாம். அதனுள் கருந்திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் கலந்து மெல்லச் சலசலத்துக் கொண்டிருக்கும். வீட்டிலுள்ள பெரியம்மா நாள்தோறும் ஈரமில்லாத மரக்கரண்டியால் அதைக் கிளறிவிட்டு, மறுபடியும் துணியை இறுக்கிக் கட்டுவார். பெரம்பூர் ரயில்வே தொழிற்சாலைகளில் உத்தியோகம் பார்த்துவிட்டு மேற்கே குடிபெயர்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும், ஆவடியின் டாங்கித் தொழிற்சாலையிலும் ராணுவ ஸ்தாபனங்களிலும் பணிபுரிய வந்து இங்கேயே மனை வாங்கி ஊன்றிவிட்ட கேரளக் கிறிஸ்தவக் குடும்பங்களும் வெகுகாலமாகப் பேணிவரும் வழக்கம் இது. பிளம் கேக் ஒரு துண்டு, திராட்சை வைன் ஒரு சிறு கிளாஸ் என்று வருகிறவர்களை உபசரிப்பதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருந்ததில்லை.

இந்த வழக்கத்தின் பக்கத்திலே இப்போது புதிதாக ஒரு நாகரிகம் முளைத்திருக்கிறது. கடையில் வாங்கிய ரம்மிலோ வோட்காவிலோ ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, காபிக் கொட்டை முதலியவற்றை ஊறவைத்து வடித்து, அழகிய கண்ணாடிப் புட்டிகளில் நிரப்பி, கழுத்தில் ரிப்பன் கட்டி, அடுக்ககத்து நண்பர்களுக்கும் அலுவலகச் சகாக்களுக்கும் பரிசாக அனுப்புகிறார்கள். வீடியோக்களைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இந்தக் கலையில், ‘காசுக்கா விற்கிறோம், அன்புக்குத்தானே கொடுக்கிறோம்’ என்பதே எல்லாச் சந்தேகங்களுக்கும் போதிய சமாதானம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சமாதானம் சட்டத்தின் முன்னும் செல்லாது, ரசாயனத்தின் முன்னும் செல்லாது.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் முதன்முதலாக அமல்படுத்திய மதுவிலக்கு, பிற்பாடு மாகாணம் முழுவதும் பரவி, 1971-ல் தளர்ந்து, 1974-ல் திரும்பி, 1981-ல் மீண்டும் தளர்ந்து, 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில் போய்ச் சேர்ந்தது என்றாலும், அந்த 1937-ம் வருஷத்துச் சட்டம் மட்டும் ‘தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம்’ என்ற பெயருடன் இன்றைக்கும் உயிரோடுதான் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கடை வைத்து மது விற்கிற அரசாங்கம், மதுவிலக்குச் சட்டத்தின்கீழ்தான் அந்த வியாபாரத்தை நடத்துகிறது என்பது நம் நாட்டின் விசித்திரங்களில் ஒன்று. ஆனால் அந்த விசித்திரத்தின் உட்பொருளைக் கவனிக்க வேண்டும்: இந்தச் சட்டத்தில் விலக்கே பொது விதி; அனுமதி என்பது உரிமத்தின் மூலமாக மட்டும் கிடைக்கும் விதிவிலக்கு. உரிமமின்றி மது தயாரிப்பதும், விதிமீறி வைத்திருப்பதும், கொண்டுசெல்வதும் அதன் 4-வது பிரிவில் குற்றங்களாக இருக்கின்றன. வீட்டு உபயோகம் என்பதற்காகவோ, பண்டிகை என்பதற்காகவோ, விலை பெறவில்லை என்பதற்காகவோ தயாரிப்புக்கு அங்கே விதிவிலக்கு இல்லை. தேவாலய வழிபாட்டுக்குரிய திராட்சை ரசமேகூட உரிமம் பெற்றுத்தான் தயாராகிறது. 2024 ஜூன் மாதம் சட்டசபையில் நிறைவேறிய திருத்தத்தால் தண்டனைகள் பன்மடங்கு கடுமையாகி, கள்ளச்சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் சிறையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்க இடமுண்டாகியிருக்கிறது.

பக்கத்து ராஜ்யமான கேரளத்தில் 2019 டிசம்பரில் நடந்ததை இங்கே நினைவுகூரலாம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்குள்ள கலால் இலாகா, வீட்டில் வைன் தயாரிப்பதும் குற்றமே என்றும், வீடியோக்களில் செய்முறை காட்டுகிறவர்களும் கவனிக்கப்படுவார்கள் என்றும் ஒரு சுற்றறிக்கை விட்டது. ‘பாட்டி காலத்துப் பழக்கத்துக்கா சிறை?’ என்று ஊரெல்லாம் கூக்குரல் எழவே, வீடு வீடாகச் சோதனை போடும் உத்தேசமில்லை என்று மந்திரி சமாதானம் சொல்ல நேர்ந்தது. அந்த வார்த்தையால் நிம்மதி வந்ததே தவிர, சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பெரியம்மாவின் ஜாடி விஷயத்தில் நம் ஊரிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். என் சொந்த அபிப்பிராயத்தில், குடும்பத்தளவில் நிற்கும் புளித்த திராட்சை ரசத்துக்கு ஓர் எளிய அனுமதி முறையை அரசாங்கம் வகுப்பது நியாயமே; ஆனால் அப்படி வகுக்கும் வரையில், அண்டைவீட்டாரின் ஒரு மனஸ்தாபமும் ஒரு புகாரும் போதும், ஜாடி சாட்சிப் பொருளாகிவிடும்.

கேக்குக்கு உலர்பழத்தை ரம்மில் ஊறவைப்பதை எந்தப் போலீஸ்காரரும் வந்து விசாரிக்கப் போவதில்லை. ஊறவைத்த மதுவைப் புதுப் புட்டிகளில் நிரப்பிப் பலருக்கு அனுப்புவது அத்தனை லேசானதல்ல. தயாரிப்பு என்னும் சொல்லுக்கு இவ்வகைச் சட்டங்கள் கலத்தலையும் உள்ளடக்கி விரிந்த பொருள் கொடுக்கின்றன என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இதில் பலரும் யோசிக்காத இன்னொரு விஷயம் உண்டு. கடைப் புட்டிக்கு லேபிளும் ஹாலோகிராம் ஒட்டும் தொகுதி எண்ணும் இருக்கின்றன. அவை அந்த மது எங்கே பிறந்தது என்பதற்குச் சாட்சி. அதை வேறு புட்டியில் ஊற்றிய மறுகணமே அந்தச் சாட்சி அழிந்து, உள்ளே இருப்பது நல்ல ரம்மா, கள்ளச் சரக்கா என்பதைப் போலீசாரும் அறியார், வைத்தியரும் அறியார், பரிசு பெற்றவரும் அறியார் என்றாகிவிடுகிறது. ஆவடியில் இதற்கு ஒரு தனி உருவம் உண்டு. ‘மிலிட்டரி சரக்கு’ என்று பெயர்பெற்ற கேன்டீன் ரம், படைவீரர்களுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் அவர்களுடைய சொந்த உபயோகத்துக்காக அளந்து கொடுக்கப்படுவது. அதைப் பிறருக்குக் கைமாற்றி, அவர்கள் அதில் ஏலக்காய் போட்டு மறுபடி வேறொருவருக்கு அனுப்பினால், கேன்டீன் அட்டையை இழக்கும் அபாயமும் வழக்கும் கொடுத்த கையைத்தான் முதலில் வந்து பற்றும். இந்த மாநிலத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கொடுக்கலாகாது. அலுவலகத்துப் பயிற்சிப் பையன்களுக்குப் புட்டி நீட்டுகிறவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி உயிருக்கு நேரும் அபாயத்துக்கு வருவோம். கடைச் சரக்கின் விலையைப் பார்த்து, ‘சுத்தமான ஸ்பிரிட் கேனில் கிடைக்கிறது, தண்ணீர் சேர்த்து எசன்ஸ் போட்டால் முடிந்தது’ என்று யாராவது யோசனை சொல்லுவார்கள். பெயின்டும் தின்னரும் கரைப்பான்களும் அன்றாடம் புழங்குகிற அம்பத்தூர் எஸ்டேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு இந்த யோசனை மற்ற ஊர்களைவிட அதிகக் கேடுடையது. 2023 மே மாதத்தில் மரக்காணத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கு மேற்பட்டோரைக் கொன்ற திரவம் ஆலை உபயோகத்துக்கான மெத்தனால்; அது பூந்தமல்லிக்குப் பக்கத்திலேயுள்ள வானகரத்து ரசாயன நிறுவனம் ஒன்றிலிருந்து கைமாறியதாகப் போலீசார் கூறினர். அடுத்த வருஷம் ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்கள் போனதும் மெத்தனாலால்தான். மெத்தில் ஆல்கஹாலையும் பிரெஞ்ச் பாலிஷையும் கட்டுப்படுத்த இந்த மாநிலத்தில் 1959-ம் வருஷத்திலிருந்தே தனி விதிகள் உண்டு.

மெத்தனால் குடிமதுவைப் போலவே தெளிந்தது. வாசனையிலும் ருசியிலும் ஆரஞ்சும் பட்டையும் அதை முற்றிலும் மறைத்துவிடும். கொளுத்திப் பார்த்தால் நீலச் சுடர் எரிவது நல்ல சரக்கின் லட்சணம் என்பது சுத்த மூடநம்பிக்கை, ஏனெனில் மெத்தனாலும் நீலமாகவே எரியும். உடம்புக்குள் போனபின் ஈரல் அதை முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் கண் நரம்பைத் தாக்கி, ரத்தத்தைப் புளிக்கச் செய்து, மூச்சை வாங்க வைக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பன்னிரண்டு மணி முதல் ஒரு நாள் வரையில் பிடிப்பதாலும், நல்ல மதுவும் உடன் கலந்திருந்தால் இன்னும் தாமதிப்பதாலும், இரவில் விருந்துண்டவர் மறுநாள் மாலைவரை வெறும் தலைவலி என்று எண்ணிப் படுத்துக் கிடப்பார். வயிற்றுவலி, வாந்தி, எதிரிலே பனி மூடினாற்போல் பார்வை மங்குதல் ஆகியவை வந்தபோது வெகுநேரம் கழிந்திருக்கும். பத்து மில்லியே சிலர் கண்ணைப் பறித்திருக்கிறது. வீட்டிலேயே காய்ச்சுவதில் தீயின் அபாயமும் உண்டு. 2020 ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தபோது குக்கரில் சாராயம் காய்ச்சிப் பிடிபட்டவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. சாராய ஆவியும் அடுப்பு நெருப்பும் சந்தித்தால் என்னாகும் என்பது ஊகிக்கக்கூடியதே.

ஜாடி வைன் இவ்வளவு கொடியதல்ல. அதில் இயற்கையாக உண்டாகும் மெத்தனால் சொற்பம். ஆனால் புளிப்பு அடங்குமுன் இறுக மூடிய புட்டி வெடித்துக் கண்ணாடி சிதறும். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்கவைத்தால் செம்பு கரையும். பெயர் தெரியாத இலையையும் விதையையும் ‘மூலிகை’ என்று ஊறவைப்பது விஷத்தை வடித்தெடுப்பதற்குச் சமம். பரிசு கொடுத்தே ஆகவேண்டுமானால் நன்னாரி சர்பத்தும் இஞ்சி எலுமிச்சைப் பாகும் இருக்கின்றன. அவற்றைக் கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம்.

மது அருந்தியவருக்குப் பார்வை மங்கினால் மோர், எலுமிச்சை, தூக்கம் என்று பொழுதைப் போக்காமல் 108-ஐ அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. மிச்சமிருக்கும் புட்டியைக் கொட்டிவிடாமல் கூடவே கொண்டுபோவது அவசியம். உள்ளே என்ன இருந்ததென்று தெரிந்தால்தான் பொமெபிசோல் என்னும் மாற்று மருந்தையோ டயாலிசிஸையோ உடனே தொடங்க முடியும். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று எதைக் குடித்தோம் என்பதை மறைப்பதுதான் பலரைக் கொல்கிறது. போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று சொல்லி வைத்தியர் அவசரச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாதென்று பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த உரிமையைத் தயங்காமல் கேட்கலாம்.

வீட்டுக்குச் சோதனை வந்தால் எதிர்த்து நிற்பதும், ஜாடியைச் சாக்கடையில் கவிழ்ப்பதும் வழக்கைக் கெடுக்கும். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, சோதனையும் பறிமுதலும் ஒலி-ஒளியுடன் பதிவாக வேண்டும். கைதுக்குரிய காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினர் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்தபின் பெண்களைக் கைதுசெய்வதென்றால் அசாதாரணக் காரணமும், பெண் அதிகாரியும், மாஜிஸ்டிரேட்டின் முன்அனுமதியும் தேவை. ஜாடியைக் கிளறுகிறவர்கள் பெரும்பாலும் பெண்களே ஆகையால் இது தெரிந்திருக்க வேண்டிய விதி. வக்கீலுக்குப் பணமில்லாதவர் 15100 என்ற எண்ணிலோ நீதிமன்ற வளாகத்துச் சட்டப்பணிகள் குழுவிலோ இலவச உதவி கோரலாம். பெண்ணாயின் வருமானச் சான்றிதழ் கேட்டு யாரும் திருப்பியனுப்ப முடியாது.