பூங்காக் கடையில் வாங்கிய பொம்மைக்கும் பில் கேளுங்கள்

முழுப் பரீட்சை முடிந்த வாரமே மதுரை அவனியாபுரத்திலிருந்து சுற்றுலா வேன்கள் கிளம்பிவிடுகின்றன. சிலர் வண்டலூர் போகிறார்கள், சிலர் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் மீன் காட்சியகம் பார்த்துவிட்டு வருகிறார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் வேலை பார்க்கிற வீடுகளில் துபாய், சிங்கப்பூர் காட்சிசாலைப் பொம்மைகளும் வந்து இறங்குகின்றன. பஞ்சடைத்த புலி, அமுக்கினால் விளக்கெரியும் டால்பின், தண்ணீரில் போட்டால் பெருக்கிற ஆமை, சிப்பி மாலை. பத்து நாளில் புலியின் கண் கழன்று கைக்குழந்தையின் வாய்க்குள் போகிறது. டால்பினின் அடிமூடி திறந்து பட்டன் பேட்டரி தரையில் உருள்கிறது. பில் இருக்கிறதா என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "பில்லா? அது ஜூக்குள்ள இருக்கிற கடைங்க. கவர்மெண்டு இடத்துல தப்பா விப்பாங்களா?"

இந்த நம்பிக்கைதான் எல்லாச் சிக்கலுக்கும் தொடக்கம். வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா வனத்துறையின் பொறுப்பில் இருப்பது உண்மை. அதனால் எந்தப் பூங்காவிலும் கடையில் தொங்குகிற ஒவ்வொரு பொம்மையையும் அரசு சோதித்து அனுப்பியது என்று ஆகிவிடாது. "இங்கே மட்டும்தான் கிடைக்கும்" என்ற பலகை ஒரு விற்பனை உத்தி. பூங்காவின் பெயரை அச்சிட்டிருப்பது தரச்சான்று அல்ல. பொருட்காட்சித் திடல்களில் கண்ணாடிச் சுரங்க மீன் காட்சி நடக்கும்போது வெளியே வரும் வழியில் விரிக்கிற கடைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காட்சி முடிந்த மறுநாள் அந்தக் கடைக்காரரை எங்கே தேடுவீர்கள்?

பொம்மைகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-ல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கான பொம்மை எதுவானாலும் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாமல் தயாரிக்கவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ, விற்பனைக்கு அடுக்கி வைக்கவோ கூடாது. பூங்காக் கடைக்கு இதில் தனிச் சலுகை கிடையாது. கைவினை மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர் செய்தவற்றுக்கும், தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை போலப் புவிசார் குறியீடு பெற்றவற்றை அதன் பதிவு பெற்ற தயாரிப்பாளர்கள் செய்யும்போதும் மட்டும் விலக்கு உண்டு. "கையால செஞ்சதுங்க" என்று வாயால் சொன்னால் விலக்கு வந்துவிடாது.

பெரிய கடை என்றால் பயமில்லை என்பதும் பொய். 2023 ஜனவரியில், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் விமான நிலையங்கள், மால்கள் உள்ளிட்ட இடங்களில் இருந்த பெரிய கடைகளில் முத்திரையில்லாத 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்ததாக மத்திய அரசே அறிவித்தது. குளிரூட்டிய கடை, கண்ணாடி அலமாரி, சீருடை போட்ட பணியாளர் எல்லாம் இருந்தும் முத்திரை இல்லை.

முத்திரையைப் பார்க்கத் தெரிய வேண்டும். ஐஎஸ்ஐ சின்னத்தின் மேலே ஐஎஸ் 9873 என்ற எண் இருக்கும். மின்சாரத்திலோ பேட்டரியிலோ இயங்கும் பொம்மையென்றால் ஐஎஸ் 15644. சின்னத்துக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கி ஓர் உரிம எண். இந்தக் கீழ் எண்தான் முக்கியம், இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. கைப்பேசியில் 'பிஐஎஸ் கேர்' செயலியை இறக்கி, அந்த எண்ணைத் தட்டுங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயர், என்ன பொருளுக்கு உரிமம், அது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். அட்டையில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் பொம்மையைக் கீழே வைத்துவிடுங்கள். சிஇ என்ற வெளிநாட்டுக் குறியைக் காட்டி "இது இன்னும் ஒஸ்தி" என்பார்கள். இந்தியாவில் விற்கிற பொம்மைக்கு ஐஎஸ்ஐ இல்லாமல் அது மட்டும் செல்லாது.

பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். வாழைப்பழம் கொடுத்து உள்ளே தள்ளுவது, விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கவைப்பது, இந்த மூன்றும் பிள்ளையைக் கெடுக்கும். 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே அரசு ராஜாஜி மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். பொம்மையையும் அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். தண்ணீரில் பெருக்கும் ஆமையும் முட்டையும் இதே அளவு பொல்லாதவை. விழுங்கிய துண்டு வயிற்றுக்குள்ளேயும் பெருக்கும், குடலை அடைக்கும்.

அடுத்தது கடல் பொருள். ராமேஸ்வரம் போனவர்கள் நினைவுக்கென்று வாங்கி வருகிறவற்றில் பவளப்பாறைத் துண்டு, உலர்ந்த கடற்குதிரை, கடல் விசிறி ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் காப்பில் உள்ளவை. 2001-லேயே பட்டியலில் சேர்க்கப்பட்டவை. சில சங்கு வகைகளும் அதில் உண்டு. முதல் பட்டியலில் உள்ள உயிரினம் சம்பந்தப்பட்ட குற்றத்துக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. "கடையில பகிரங்கமா வித்தாங்க" என்று சொல்லித் தப்ப முடியாது. கடைக்காரர் மீது வழக்கு வருவது வேறு, உங்கள் பையில் இருப்பது வேறு.

நம் ஊருக்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருப்பதால் இதை மறுபடியும் சொல்கிறேன். துபாயில் இருக்கிற பேத்திக்கு என்று பவளத் துண்டையோ மயிலிறகையோ பெட்டியில் வைக்காதீர்கள். மயிலிறகை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகத் தடை இருக்கிறது. அங்கிருந்து வரும்போது முதலைத் தோல் பர்ஸ், பாடம் செய்த முதலைத் தலை, பவள மாலை போன்றவற்றையும் உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் கொண்டுவராதீர்கள். சுங்கச் சோதனையில் பிடிபட்டவர் அந்தப் பொருளை மட்டும் இழந்துவிட்டு வீடு திரும்ப முடியும் என்று நினைக்க வேண்டாம்.

இனி புகார். பெரும்பாலானோர் செய்வது இரண்டு. கோபத்தில் பொம்மையைக் குப்பையில் எறிவார்கள். அல்லது திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு வருவார்கள். மனு மேசை மேசையாகப் போய், "எங்கள் துறை சார்ந்தது அல்ல" என்று திரும்பி வரும். அந்த ஒரு வரிப் பதிலை எழுத மாதக்கணக்கில் எடுத்துக்கொள்கிற அலுவலகங்களைப் பார்த்து எரிச்சல் வருகிறது. ஆனால் நாமும் சரியான கதவைத் தட்டுவதில்லை.

முத்திரையே இல்லை, அல்லது போலி முத்திரை என்றால் அது இந்திய தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) வேலை. அதன் கிளை மதுரையிலேயே இருக்கிறது. பிஐஎஸ் கேர் செயலியிலும் புகார் பதியலாம். விலைச் சீட்டில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுப் பொருள், மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண் இவை இருக்க வேண்டும். இவை இல்லாமல் பொட்டலத்தை விற்றாலோ, பழைய விலையை மறைத்துக் கூடுதல் விலைக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டினாலோ, அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினாலோ புகார் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அந்தத் துறைதான் நடைமுறைப்படுத்துகிறது. மதுரையில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) பெயருக்கு எழுதுங்கள்.

பணம் திரும்ப வேண்டும், இழப்பீடு வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டலூரில் வாங்கியதற்குச் செங்கல்பட்டுக்கு அலைய வேண்டியதில்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே, அதாவது மதுரையிலேயே, வழக்குப் போடலாம். இது பலருக்குத் தெரியவில்லை, தெரியாததால் விட்டுவிடுகிறார்கள். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

அதற்கு முன் காகிதங்களைச் சேருங்கள். பில்லில் "ஐட்டம் 1" என்று போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள், பொருளின் பெயரை எழுதச் சொல்லுங்கள். பில் கொடுக்க மறுப்பதே அந்தச் சட்டத்தில் நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அப்படித்தான். பில்லில் கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. கைப்பேசியில் பணம் அனுப்பிய படம் துணைச் சான்று, பில்லுக்கு மாற்று அல்ல. பொம்மை, உடைந்த பகுதி, அட்டையின் எல்லாப் பக்கங்கள், விலைச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுங்கள். பொம்மையை எறியாதீர்கள். கடைக்கு ஒரு கடிதம் எழுதி, 15 நாள் கெடு கொடுத்து, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் ஆணையம். கடிதத்தின் நகல், தபால் ரசீது, பில், படங்கள், உறுதிமொழிப் பத்திரம் இவ்வளவுதான் இணைப்பு.

கடை அரசுப் பூங்காவுக்குள் இருந்தால் இயக்குநருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: கடையை யாருக்கு, என்ன நிபந்தனையில் விட்டிருக்கிறீர்கள், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பொம்மைதான் விற்க வேண்டும் என்ற விதி ஒப்பந்தத்தில் உண்டா? 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி அனுப்பினால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரி இல்லாத பூங்காக்கள் அதை எழுதியே ஆக வேண்டும். குழந்தைகள் கூட்டம் கூட்டமாக வருகிற இடத்துக்கு இதைக்கூடச் செய்யாத நிர்வாகம் என்ன நிர்வாகம்?

ஆணையத்தில் வழக்குப் போட, குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். போன கோடையில் வாங்கி உடைந்த பொம்மைக்கும் இன்னும் கெடு முடியவில்லை. அந்தப் பில்லைத் தேடி எடுங்கள்.