மூடியைத் தூக்கிய உஷ்ணம்

உலை கொதிக்கும்போது மூடி தடதடவென்று ஆடுகிறது. நீங்கள் அதைக் கொஞ்சம் ஒருக்களித்து வைத்துவிட்டுக் குழம்பைக் கவனிக்கப் போய்விடுகிறீர்கள். அந்த மூடியைத் தூக்க அடுப்பில் எவ்வளவு உஷ்ணம் செலவாயிற்று என்று யாராவது கணக்குப் பார்ப்பார்களா? அப்படிப்பட்ட கணக்கு ஒன்றைப் பார்த்தார் ஒருவர். அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஜெர்மனியில் ஹைல்பிரான் என்ற ஊரில் மருந்துக் கடைக்காரர் ஒருவரின் பிள்ளை ராபர்ட் மேயர். வைத்தியம் படித்துவிட்டு, 1840-ல் டச்சுக் கப்பல் ஒன்றில் டாக்டராக ஜாவாவுக்குப் போனார். நோய் கண்ட மாலுமிகளுக்கு ரத்தம் எடுத்துவிடுவது அந்தக் காலத்துச் சிகிச்சை. சிரையைக் கீறினார். கறுத்து வர வேண்டிய ரத்தம் செக்கச் செவேலென்று வந்தது! 'ஐயோ, தமனியை அல்லவா அறுத்துவிட்டோம்!' என்று டாக்டருக்கே குலை நடுங்கிற்று. ஆனால் அறுத்தது சிரையைத்தான். வெப்ப நாட்டில் உடம்பு தன்னைச் சூடாக வைத்துக்கொள்ள அதிகம் எரிக்க வேண்டியதில்லை, அதனால்தான் ரத்தம் கறுக்கவில்லை என்று எண்ணினார். எண்ணம் அதோடு நிற்கவில்லை. சாப்பிடும் சாப்பாடு உடம்பில் உஷ்ணமாகவும் ஆகிறது, மூட்டை தூக்கும் உழைப்பாகவும் ஆகிறது. அப்படியானால் உஷ்ணமும் உழைப்பும் ஒரே சரக்குத்தானே? ஒன்றுக்கு மற்றொன்று என்ன விலை?

விலையைக் காற்றிடம் கேட்டார். இறுக மூடிய பாத்திரத்தில் உள்ள காற்றை ஒரு டிகிரி சூடேற்ற 10 பங்கு உஷ்ணம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்றை, மூடி மேலே நகரக்கூடிய பாத்திரத்தில் வைத்து அதே ஒரு டிகிரி சூடேற்றினால் 14 பங்கு வேண்டியிருக்கிறது. அதிகப்படி 4 பங்கு எங்கே போயிற்று? காற்று விரிந்து மூடியையும் அதன்மேல் அழுத்தும் வெளிக்காற்றையும் தள்ளியதே, அந்தக் கூலிக்குப் போயிற்று!

இது திருப்பியும் நடக்கும். பையன் சைக்கிளுக்குக் காற்றடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். அவன் கை உழைத்த உழைப்பு அங்கே சூடாக இருக்கும். டயரிலிருந்து காற்றைத் திறந்துவிட்டால், சீறி வரும் காற்று சில்லென்றிருக்கும். வெளியே தள்ளிக்கொண்டு வரும் வேலைக்குத் தன் உஷ்ணத்தையே செலவழித்துவிடுகிறது.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்றும் உஷ்ணம், அதே எடையை 365 மீட்டர் உயரம் தூக்கப் போதும் என்று மேயர் கணக்கிட்டார். சரியான அளவு சுமார் 427. பிறர் அளந்து வைத்திருந்த எண்களைக் கொண்டு காகிதத்தில் போட்ட கணக்குக்கு இது மோசமில்லை.

ஆனால் 1841-ல் அவர் அனுப்பிய முதல் கட்டுரைக்குப் பத்திரிகாசிரியர் பதிலே போடவில்லை. (அதில் பிழைகள் இருந்தது வாஸ்தவம். இருந்தாலும் ஒரு வரி எழுதியிருக்கலாம்!) 1842-ல் வேறொரு பத்திரிகை அவருடைய கட்டுரையை வெளியிட்டது, கவனிப்பார் இல்லை. இங்கிலாந்தில் ஜூல் என்பவர் தாமே சோதனைகள் செய்து அதே உண்மையை நிலைநாட்ட, புகழ் அங்கே போயிற்று. 1848-ல் மேயரின் இரண்டு குழந்தைகள் இறந்தன. 1850-ல் அவர் ஜன்னல் வழியே குதித்துவிட்டார். உயிர் தப்பியது, மனநோய் விடுதியில் அடைத்தார்கள்.

1862-ல் லண்டன் மேடையில் டிண்டால் என்ற விஞ்ஞானி அவர் பெயரை எடுத்துச் சொன்ன பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1871-ல் ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் வந்தது. 1878-ல் சொந்த ஊரிலேயே காலமானார்.

கல்லூரியில் பௌதிகம் படிக்கும் பெண் உங்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்த 4 பங்குக் கணக்கு அவள் பாடப் புத்தகத்தில் 'மேயர் சமன்பாடு' என்ற பெயரில் இருக்கும்.