வீட்டுத் தோட்டத்திற்குப் பூமிக்கடியில் பாசனக் குழாய்

பங்குனி, சித்திரையில் கிணற்று நீர் இறங்கிவிட்டால் முதலில் கைவிடப்படுவது வீட்டுத் தோட்டம்தான். குடத்தில் சுமந்து ஊற்ற ஆள் இருப்பதில்லை. வாய்க்காலில் விட்டால், செடிக்குச் சேருமுன் வழியிலேயே மண் குடித்துவிடுகிறது. பெரம்பலூர் மாவட்டம் வாலிகண்டபுரம் பக்கத்தில் 2 சென்ட் இடத்தில் கத்தரி, வெண்டை, தக்காளி வைத்திருக்கும் குடும்பம், கோடையில் காய்க்குக் கடைக்குப் போக நேரிடுகிறது. மேல்தொட்டி ஒன்று இருந்தால், பூமிக்கடியில் குழாய் பதித்து இக்குறையைப் போக்கலாம்.

எதைப் புதைப்பது?

தொட்டியிலிருந்து வரும் பி.வி.சி. குழாயை மட்டும் புதைக்க வேண்டும். வெயிலில் கிடந்தால் அது நொறுங்கும்; மாடு மிதித்தாலும் உடையும். சொட்டுவான்களைப் புதைக்கக் கூடாது. கரும்பு வயல்களில் சொட்டுக் குழாயையே மண்ணுக்குள் பதிக்கும் முறை உண்டு. அங்கு பம்பு அழுத்தமும் நல்ல வடிகட்டியும் இருக்கும். வீட்டில் அப்படியில்லை. வேர் புகுந்தோ, சேறு அடைத்தோ போனால், செடி வாடிய பிறகுதான் தெரியவரும். எனவே சொட்டுவான் உள்ள பக்கக் குழாய்களை மண்ணின் மேல் போட்டு, சருகால் மூடினால் போதும்.

பதிக்கும் முறை

தோட்டத்தின் ஒரு பக்கமாக அரை அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழத்தில் குழி எடுக்கவும். மண்வெட்டி அந்த ஆழத்துக்கு எட்டாது. கரிசல் மண் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். அந்த இழுவையில் குழாய் இணைப்புகள் விட்டுப்போகும். ஆகவே குழாயின் அடியில் 2 அங்குலமும், மேலே 2 அங்குலமும் மணல் இடவும். கல் நிறைந்த செம்மண்ணுக்கும் இதுவே முறை.

தொட்டியை அடுத்து ஒரு வால்வு, பிறகு ஒரு வடிகட்டி, அதன்பின் 1 அங்குலக் குழாய் என்று வரிசையாக இணைக்கவும். குழாயின் கடைசி முனையை மண்ணுக்கு மேலே திருப்பி மூடி போடவும். மாதம் ஒருமுறை அதைத் திறந்துவிட்டால் தங்கிய சேறு வெளியேறும்.

இணைப்புகளைப் பசை போட்டு ஒட்டியபின் ஒரு நாள் காய விடவும். பிறகு முனையை மூடி, நீரை நிறுத்தி, அரை நாள் கசிவு பார்க்கவும். அதுவரை மண் தள்ளக் கூடாது. மூடிய பிறகு கசிவு தேடுவது வீண் செலவு. சுவர் மூலையிலிருந்து குழாய் எத்தனை அடியில் போகிறது என்பதையும் ஒரு நோட்டில் வரைந்து வைக்கவும்.

எவ்வளவு நீர்?

4 லிட்டர் சொட்டுவான் என்பது, 33 அடி உயரத் தொட்டியின் அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் தருவது. நம் வீட்டுத் தொட்டி 10 அடி உயரத்தில் இருந்தால் சுமார் 2 லிட்டர்தான் வரும். 60 சொட்டுவான்களுக்கு மணிக்கு 120 லிட்டர் ஆகும். காலையில் 2 மணி நேரம் விட்டால் 240 லிட்டர். 500 லிட்டர் தொட்டியில் பாதிகூட ஆகாது. முதல் சொட்டுவானிலும் கடைசிச் சொட்டுவானிலும் ஒரு பாத்திரம் வைத்துப் பாருங்கள். கால் மணியில் இரண்டிலும் ஏறக்குறைய அரை லிட்டர் சேர வேண்டும். கடைசியில் மிகவும் குறைந்தால், தோட்டத்தை இரு பாதியாகப் பிரித்து, தனித்தனி வால்வு வைத்து, மாறி மாறி நீர் விடவும்.

போர்வெல் நீரில் உப்பு அதிகமிருந்தால் சொட்டுவானில் வெண்மையாகப் படியும். கழற்றி, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவவும். வடிகட்டியை வாரம் ஒருமுறை அலச வேண்டும்.

மேலும் விவரம் வேண்டுவோர், வாலிகண்டபுரத்திலுள்ள ஹேன்ஸ் ரோவர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டறியலாம். வயலுக்குச் சொட்டுநீர் அமைக்கும் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசின் 100 சதவீத மானியம் உண்டு. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தை அணுகலாம். பங்குனிக்கு முன்பே குழி எடுத்துவிட்டால், இந்தக் கோடையில் கத்தரி வாடாது.