ஓடும் கெர்னலுக்குள் ஓர் உலா!

கம்ப்யூட்டரை ஒரு நொடிகூட நிறுத்தாமல், இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே 'மாட்யூல்' எனும் புதுத் துண்டு ஒன்றைச் செருகலாம். லினக்ஸில் குறைந்தது 1995-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்தே இது நடக்கிறது. ஓடுகிற ரயிலில் பெட்டி கோப்பது போன்ற இந்த வித்தையைப் பார்க்க, கெர்னல் மாட்யூல் எழுதும் நண்பரின் அறைக்குள் நுழைந்தாயிற்று. நீங்களும் வாங்க!

பார்த்துக் கால் வையுங்கள், தரையெல்லாம் ஒயர். மேசையில் இரண்டு கம்ப்யூட்டர்கள், நடுவே ஒரு சீரியல் கேபிள். ஒன்றில் எழுதுவார், மற்றது அடி வாங்கவே இருக்கிறது. "அது செத்தா, கடைசியா என்ன சொல்லுச்சுன்னு இந்தக் கேபிள் வழியா இங்க வந்துடும்" என்கிறார், பிஸ்கட் பாக்கெட்டை ஓரமாகத் தள்ளியபடி.

முதலில் குட்டி மாட்யூல் ஒன்று. உள்ளே வரும்போது வணக்கம் சொல்லும், போகும்போது விடைபெறும், அவ்வளவுதான். அதை ஏற்ற 'இன்ஸ்மாட்' என்று தட்டி என்டர். திரையில் சத்தமே இல்லை! எனக்குப் பதைபதைப்பு. "கெர்னல் லாக்லதாங்க பேசும்" என்று சிரித்தபடி 'டிமெசேஜ்' தட்டுகிறார். அட, அங்கே இருக்கிறது வணக்கம்!

அடுத்து, பென் டிரைவைச் செருகுகிறார். ஏற்றிய மாட்யூல்களைக் காட்டும் 'எல்எஸ்மாட்' பட்டியலில் 'யூஎஸ்பி ஸ்டோரேஜ்' தானாக முளைக்கிறது. பென் டிரைவ் தன் அடையாளத்தைச் சொன்னதுமே, அதற்குப் பொருந்தும் மாட்யூலைத் தேடி ஏற்றியாகிவிட்டது. நாம் தினமும் செருகிப் பிடுங்குகிறோம், இந்த ஓட்டமெல்லாம் நம் கண்ணில் படுவதே இல்லை.

இனி வியர்வைக் காட்சி. மாட்யூலில் வேண்டுமென்றே ஒரு 'நல் பாயிண்டர்' பிழை, அதாவது எதையும் சுட்டாத முகவரியைத் தொடுவது. சாதாரண புரோகிராம் என்றால் அது மட்டும் விழும். மாட்யூலுக்குக் கெர்னலின் முழு அதிகாரமும் உண்டு. விழுந்தால் கம்ப்யூட்டரையே இழுத்துக்கொண்டு விழலாம். பலமுறை பார்த்தவர்தான், ஆனாலும் என்டருக்கு முன் உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொள்கிறார். தட்... சீரியல் கேபிள் வழியே வரிவரியாக அலறல்! இதற்குக் கெர்னல்காரர்கள் வைத்த பெயர், 'ஊப்ஸ்'.

கிளம்பும்முன் ஒரு தின்பண்டம் போல, பழைய பிரிண்டர் டிரைவரின் நிரலைத் திறக்கிறார். காகிதமும் இருக்கிறது, இணைப்பும் இருக்கிறது, ஆனால் ஏதோ கோளாறு என்றால் லாகில் விழும் செய்தி: 'எல்பி ஆன் ஃபயர்'. பிரிண்டர் தீப்பிடித்துவிட்டதாம்! வயிறு வலிக்கச் சிரித்தோம்.

உங்களிடம் லினக்ஸ் இருந்தால் இன்றே 'எல்எஸ்மாட்' தட்டிப் பாருங்கள்; பட்டியலை மட்டும் காட்டும், எதையும் கெடுக்காது. எழுதிப் பார்க்க ஆசை வந்தால், விர்ச்சுவல் மெஷினில் தொடங்குங்கள்.