பாடசாலை மீளத்திறப்பும் பெற்றோர் நிலைப்பாடும்: ஒரு சமூகவியல் நோக்கு

கொவிட்-19 பெருந்தொற்றையொட்டி இலங்கையின் அரசாங்கப் பாடசாலைகள் 2020 மார்ச் 13ஆந் திகதி முதல் மூடப்பட்டன. அவ்வாண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களிற் கட்டங்கட்டமாகத் திறக்கப்பட்ட அவை, ஒக்டோபரில் மீண்டும் மூடப்பட்டன. 2021 ஜனவரியில் மேல் மாகாணம் தவிர்ந்த பகுதிகளில் திறக்கப்பட்டவையும் ஏப்பிரல் இறுதியில் மூடப்பட்டன. 200க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் அவ்வாண்டு ஒக்டோபர் 21ஆந் திகதியே திறக்கப்பட்டன. ஒவ்வொரு திறப்பின்போதும் பிள்ளையை அனுப்புவதா, வீட்டில் வைத்திருப்பதா என்னும் வினா பெற்றோர் முன் எழுந்தது. அவர்கள் அளித்த விடைகளின் சமூக அடிப்படையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கற்ற பெற்றோர் எச்சரிக்கையுடையோர், கல்லாதோர் நோயின் பாரதூரத்தை உணராதோர் என்னும் விளக்கம் பலரால் எளிதாக ஏற்றுக்கொள்ளப்படுவது. மனிதரின் கருத்துகளை அவர்தம் வாழ்நிலையினின்றும் பிரித்து நோக்குவதால் எழும் விளக்கம் இது. அச்சமும் விருப்பும் வெறும் மனோபாவங்கள் அல்ல. அவை வீட்டின் பரப்போடும், வருமானத்தின் தன்மையோடும், பிள்ளையைப் பார்த்துக்கொள்வார் உளரா என்பதோடும் பிணைந்தவை.

நகர்ப்புற மத்தியதர வர்க்கப் பெற்றோரை முதலில் நோக்குவோம். வீட்டிலிருந்தே கடமையாற்றக்கூடிய தொழில், பிள்ளைக்கெனத் தனி அறை, கணினி, இணைய இணைப்பு, கட்டணம் செலுத்திப் பெறும் ஸூம் வகுப்பு ஆகியன இவர்களுட் பலருக்கு வாய்த்திருந்தன. எனவே, 'இன்னுஞ் சிறிது காலம் பொறுத்துப் பார்ப்போம்' என இவர்களாற் கூற முடிந்தது. இந்நிலைப்பாட்டை நாம் தவறெனக் கொள்ளவில்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு அப்பொழுது தடுப்பூசி வழங்கப்படவில்லை. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால், பொறுத்திருக்கும் ஆற்றலும் ஒருவகைச் சொத்து என்பதை மறத்தலாகாது. கணினியுள்ள குடும்பங்கள் இந்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றே.

மலையகத் தோட்டங்களின் நிலை வேறு. நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் மலைக்குச் செல்லாத நாளுக்குச் சம்பளமில்லை. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய், பிள்ளைக் காம்பராவின் வயதைக் கடந்த பிள்ளையை எவரிடம் விட்டுச் செல்வாள்? வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசி தந்தையோடு வேலைக்குச் சென்றுவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் பாடத்தைப் பிள்ளை எப்பொழுது காண்பது? அலைவரிசை கிடையாத கிராமங்களின் அல்லல் இனம், மொழி கடந்தது. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகள் 2021இற் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டினூடே நடந்து சென்று பாறையில் ஏறவேண்டியிருந்தது. இத்தகைய பெற்றோருக்குப் பாடசாலை கல்விக்கூடம் மட்டுமன்று, பிள்ளையின் பாதுகாப்பிடமுமாகும்.

எனினும், வறிய பெற்றோர் அச்சமற்றிருந்தனர் எனக் கருதின் அது பெருந்தவறாகும். லயன் காம்பராவிற் பாட்டனும் பேரப்பிள்ளையும் ஒரே அறையில் உறங்குகின்றனர். தனிமைப்படுத்தல் என்பது அங்கு பொருளற்ற சொல். நோய் வந்தால் இழக்கப்படுவது உடல்நலம் மட்டுமன்று, குடும்பத்தின் கூலியுமாகும். ஆகவே, பாடசாலை எவருக்கு மிக இன்றியமையாததாயிருந்ததோ, அவருக்கே அதன் திறப்பு மிகுந்த ஆபத்தாகவும் இருந்தது. வெளியே தடுமாற்றமாகத் தோன்றியது உண்மையில் வாழ்நிலையின் முரண்பாடே.

இம்முரண்பாட்டைப் பரீட்சை முறை மேலும் கூர்மைப்படுத்திற்று. 2020 ஒக்டோபரிற் பாடசாலைகள் மூடப்பட்டிருக்க, 11ஆந் திகதி ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும், மறுநாள் க.பொ.த. உயர்தரப் பரீட்சையும் தொடங்கின. கற்பித்தலை நிறுத்தலாம், தெரிவு செய்தலை நிறுத்தலாகாது என்பதே இதன் உட்பொருள். பாடம் பெறாத பிள்ளையும் தனியார் வகுப்பிற் பயின்ற பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கு விடையெழுதினர். பிள்ளை பின்தங்கிவிடும் என்ற ஏழைப் பெற்றோரின் கலக்கம் கற்பனையன்று.

2021 ஜூலையில் ஆசிரியர்கள், அதிபர்கள் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி இணையவழிக் கற்பித்தலினின்றும் விலகினர். தம் பிள்ளையின் இழப்பைக் கண்ட பெற்றோருட் சிலர் ஆசிரியர்மீது சினங்கொண்டமை இயல்பே. ஆயின், அதுவரை இணையக் கட்டணத்தைப் பல ஆசிரியர் தம் சம்பளத்திலிருந்தே செலுத்தினர். பெற்றோரும் தம் கூலியிலிருந்து செலுத்தினர். ஒரே சுமையைச் சுமந்தோரே எதிரெதிராக நின்றனர்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி, பிள்ளையின் கல்விக்கான பொறுப்பைக் குடும்பத்தின் பணப்பையிலிருந்து பொதுநிதிக்கு மாற்றியது. பெருந்தொற்று அதனைச் சட்டமெதுவுமின்றிக் குடும்பத்திடமே மீள ஒப்படைத்தது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதும் இதுவே நிகழ்ந்தது. எனவே, 'பிள்ளையை அனுப்பச் சம்மதமா?' எனப் பெற்றோரிடம் வினவுதல் போதாது. பாடசாலை மூடப்படும் நாளில் அப்பிள்ளையின் பாடத்துக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பாளர் யார் என்பதே முதலில் விடை காணவேண்டிய வினா. அதற்குப் பொதுநிதி விடையளிக்காதவரை, பெற்றோரின் சம்மதம் என்பது வசதியுடையோர்க்குத் தெரிவாகவும் ஏனையோர்க்கு நிர்ப்பந்தமாகவுமே அமையும்.