கணக்கு கிளவுடில், சாவி யார் கையில்?



கூட்டமைப்புக் கூட்டங்களில் இப்போது ‘கிளவுட்’ என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. கிளவுட் என்றால் மேகம். “மழை பெஞ்சா நம்ம கணக்கு கரைஞ்சு போயிடாதா மேடம்?” என்று ஓர் ஊக்குநர் கேட்டார். சிரிக்கக் கேட்டாலும் நல்ல கேள்விதான்.

கணக்கு வானத்தில் இல்லை. எங்கோ ஓர் ஊரில், பெரிய கட்டடத்தில், இரவு பகலாக ஓடும் கம்ப்யூட்டர்களில் இருக்கிறது. நாம் இன்டர்நெட் வழியாகத் திறந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். நகையை பேங்க் லாக்கரில் வைப்பது மாதிரி. பீரோவில் உள்ள பேரேட்டைக் கரையான் அரிக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டர் பழுதாகும். கிளவுடில் இருந்தால் வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ திறந்து கொள்ளலாம். குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் புதிதல்ல. நபார்டு வங்கி 2015-ல் இ-சக்தி திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் தொடங்கியது.

ஆனால் கட்டடம் என்றால் தீயும் பிடிக்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச்கிளவுட் நிறுவனத்தின் கட்டடம் ஒன்று எரிந்து போனது. வேறு ஊரில் இன்னொரு நகல் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். அங்கேயே எல்லாவற்றையும் வைத்திருந்த பலருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் கிளவுடில் ஏற்றியாச்சு என்று பேரேட்டையும் தீர்மான நோட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கையெழுத்து இருப்பது அந்த நோட்டில்தான்.

தீயைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சாவி. கணக்கு எழுதும் பெண் தன் சொந்த இமெயிலில் எல்லாவற்றையும் ஏற்றி வைக்கிறார். கல்யாணமாகி வெளியூர் போகிறார், நம்பரையும் மாற்றிவிடுகிறார். அப்புறம் ஓடிபி யாருக்கு வரும்? நம்ம சேமிப்பு, நம்ம கடன், ஆனால் திறக்க முடியாது. 2 ஆண்டு யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம் என்ற விதியும் 2023 முதல் இருக்கிறது. எனவே இமெயில் கூட்டமைப்பின் பெயரில் இருக்க வேண்டும். பாஸ்வேர்டை இரண்டு பொறுப்பாளர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பொறுப்பு மாறும்போது, பேங்கில் கையெழுத்து மாற்றுகிறோமே, அதே நாளில் பாஸ்வேர்டையும் போன் நம்பரையும் மாற்றித் தீர்மானத்தில் எழுதுங்கள்.

இனி வீடியோ கூட்டம். 2020 ஊரடங்கில் பல அமைப்புகள் இதைத்தான் நம்பின. பஸ் செலவு மிச்சம், அரைநாள் கூலியும் போகாது. ஜூம் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் நின்றுவிடும், அதற்குள் பேசி முடிக்கணும். பயிற்சிக்கும் தகவல் சொல்லவும் இது போதும். யாருக்குக் கடன், எவ்வளவு என்று முடிவு செய்ய மட்டும் நேரில் உட்காருவதே நல்லது என்பேன். சிக்னல் விட்டு விட்டு வரும்போது பாதிப் பேருக்குத் தொகையே காதில் விழாது. பேசாமல் இருந்தவரை ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுவது நியாயமா?

அவசரத்துக்கு வீடியோவில் முடிவெடுத்தால், ஒவ்வொருவரும் பெயர் சொல்லி சரி அல்லது வேண்டாம் என்று சொல்லட்டும். அடுத்த நேரடிக் கூட்டத்தில் தீர்மானத்தை வாசித்துக் கையெழுத்து வாங்குங்கள். போன் இல்லாதவர் பக்கத்து வீட்டு உறுப்பினரோடு சேர்ந்து உட்காரலாம். வருகைப் பதிவில் மட்டும் அவர் பெயரைத் தனியாக எழுத வேண்டும்.