பாடாந்தரத்துக்குப் பட்டம் எதற்கு?

பட்டுச் சேலையின் உடலையும் கரையையும் கோர்வையாக இணைக்கும் நுட்பத்தைக் காஞ்சிபுரத்து நெசவாளர் தறியருகே அமர்ந்து, மூத்தவர் கையைப் பார்த்தே கற்கின்றனர். எழுத்தில் அடங்காத இவ்வறிவைப் பொருளியலில் 'உள்ளுறை அறிவு' என்போம். இசையும் அத்தகையதே.

வீணை தனம்மாளின் பேத்தி தி. பிருந்தா (1912–1996), லயத்தில் வல்லவரான காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் குருகுல முறையில் பயின்றவர். பின்னர் சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியிலும், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தார். முன்னணி வித்துவான்களே அவரிடம் பதங்களைப் பாடம் கேட்டனர். 1976இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். பாடாந்தரமே அவரது தகுதி.

இன்று உதவிப் பேராசிரியராவதற்கு நெட் தேர்வோ முனைவர் பட்டமோ தேவை என்பதே பொதுவிதி. பட்டமில்லா வல்லுநர்களுக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் 'நடைமுறைப் பேராசிரியர்' பணியை அறிமுகப்படுத்தியது. வரவேற்கத்தக்கதே, எனினும், அப்பணிக்கு உச்சவரம்பு நான்கு ஆண்டுகள்தாம்.

முனைவர் பட்டம் பெற்றவன் என்ற முறையிலேயே சொல்கிறேன்: பட்டம் என்பது, நேரில் அறிய இயலாத திறனை ஊகிக்க உதவும் அடையாளம் மட்டுமே. பாடக் கேட்டே திறனறியக்கூடிய துறையில் அதையே வாயிற்காவலாக நிறுத்துவது பொருந்தாது. குருகுலத்தில் கற்றோருக்கு இசைக் கல்லூரிகளிலாவது நிரந்தர இடம் வேண்டும். பாடாந்தரம் நான்கு ஆண்டுகளில் கைமாறும் சரக்கன்று.